பின்னத்தை முழு எண்ணால் வகுத்தல்: தலைகீழாக்கும் விதிக்கு முன்னால் சொல்லித்தர வேண்டியவை

பெரம்பூரில் இருக்கும் ஓர் அப்பாவின் கேள்வி இது. மகள் ஆறாம் வகுப்பு. 3/4 ÷ 2 என்று ஒரு கணக்கைக் கொடுத்தால் ஒரு நாள் 3/8 என்று சரியாகப் போடுகிறாள். மறுநாள் அதே கணக்குக்கு 8/3 வருகிறது, இன்னொரு நாள் 3/2. "எதைப்பா தலைகீழா போடணும், முதல்ல இருக்கறதையா, ரெண்டாவதையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாளாம். விதியைப் பல தடவை சொல்லிப் பார்த்தாகிவிட்டது, மனதில் நிற்கவில்லை. வீட்டில் இதை எப்படிச் சொல்லித்தருவது?

நான் கொளத்தூரில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் இந்தப் பாடம் வரும்போது இதே கேள்வி யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடும். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மகள் போட்ட தப்பு விடைகளைப் பார்ப்போம். 8/3 எப்படி வந்தது என்று ஊகிப்பது சுலபம். முதல் எண்ணைத் தலைகீழாக்கி, 4/3 × 2 என்று பெருக்கியிருக்கிறாள். 3/2 அப்படியல்ல, அது இரண்டு வழியில் வரலாம். கீழே இருக்கும் 4-ஐ 2-ஆல் வகுத்து, மேலே 3-ஐ அப்படியே விட்டிருக்கலாம். அல்லது வகுத்தல் குறியைப் பெருக்கல் குறியாக மாற்றிவிட்டு, தலைகீழாக்க மறந்து, 3/4 × 2 = 6/4 என்று போட்டு, அதைச் சுருக்கியிருக்கலாம். முதல் வகைக் குழந்தைக்குப் பின்னத்தின் கீழ் எண் எதைச் சொல்கிறது என்பதே தெரியவில்லை. இரண்டாம் வகைக் குழந்தை விதியின் பாதியை மறந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. அதனால் விடையைப் பார்த்ததும் "தப்பு, திரும்பப் போடு" என்று சொல்லாமல், "இது எப்படிம்மா வந்தது, சொல்லு" என்று கேளுங்கள். வாயைத் திறந்து சொல்லும்போதே பாதிப் பிள்ளைகள் தாங்களாகவே திருத்திக்கொள்வார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தலைகீழாக்கும் விதியைக் கொஞ்ச நாளைக்கு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். விதியில் குறை எதுவும் கிடையாது. பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே எழுதிவைத்தது அது: வகுக்கும் எண்ணின் தொகுதியையும் பகுதியையும் இடம் மாற்றி, பிறகு பெருக்கு. இன்றைக்கும் அதுதான் வேகமான வழி. ஆனால் 3/4 ÷ 2 போன்ற கணக்குக்கு, அதாவது வகுக்கும் எண் முழு எண்ணாக இருக்கும்போது, அந்த விதியே தேவையில்லை. பாடப்புத்தகம் 2-ஐ 2/1 என்று எழுதச் சொல்லி, அதைத் தலைகீழாக்கி 1/2 ஆக்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு அது நேர்த்தியாகத் தெரியும். பத்து பதினோரு வயசுக் குழந்தைக்கு, பார்த்ததும் புரிகிற 2 என்ற எண்ணை எதற்கு 2/1 ஆக்குகிறோம், அப்புறம் எதற்குக் கவிழ்க்கிறோம் என்பது புரியாது. காரணம் தெரியாமல் ஒரு வேலையைச் செய்கிறவருக்கு, அதை எந்த எண்ணுக்குச் செய்ய வேண்டும் என்பது எப்படி நினைவில் நிற்கும்?

முதல் வேலை, பென்சிலை எடுக்கும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று சொல்ல வைப்பது. முக்கால் பங்கை இரண்டு பேருக்குப் பிரித்தால் ஒருவருக்குக் கிடைப்பது முக்காலைவிடக் கூடுதலா, குறைவா? குறைவு. அரையைவிட? இங்கே கொஞ்சம் யோசிப்பாள், யோசிக்கட்டும். முழு ஒன்றில் பாதிதான் அரை, முக்கால் என்பது ஒன்றைவிடக் குறைவு, அப்படியென்றால் அதில் பாதி அரையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதைச் சொல்லிவிட்ட பிறகு 8/3 என்று எழுதினால் அவளுக்கே இடிக்கும். 8/3 என்பது இரண்டரைக்கும் மேல். முக்காலைப் பங்கு போட்டு இரண்டரை எப்படி வரும்? என் அனுபவத்தில் இந்த ஒரு பழக்கமே தப்பு விடைகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஆனால் ஒரு நாள் சொல்லிவிட்டு மறுநாள் விட்டுவிட்டால் பலன் இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் ஒரு வாய்வார்த்தை: "கூடவா, குறைவா? அரையைத் தாண்டுமா?"

அடுத்தது கணக்குகளின் வரிசை. 3/4 ÷ 2-இல் தொடங்கக் கூடாது. 6/7 ÷ 3-இல் தொடங்குங்கள். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. சென்னையில் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் இதை "சிக்ஸ் பை செவன்" என்று படிப்பார்கள். அப்படிப் படித்தால் ஆறும் ஏழும் மேலும் கீழுமாக நிற்கிற இரண்டு தனி எண்களாகத்தான் கண்ணில் படும். கொஞ்ச நாளைக்கு, "ஒரு முழுசை ஏழு துண்டா வெட்டி, அதுல ஆறு துண்டு" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீளமாக இருக்கிறதென்று அலுத்துக்கொள்வாள், பரவாயில்லை. ஆறு துண்டை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? இரண்டு. என்ன துண்டு? ஏழாக வெட்டிய துண்டு. ஆக 2/7. துண்டின் அளவு மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. இதே மாதிரி 8/9 ÷ 4, 10/11 ÷ 5, 9/10 ÷ 3 என்று கொடுங்கள். எல்லாம் மேல் எண் மிச்சமில்லாமல் வகுபடுகிற கணக்குகள். ஒரே உட்காரலில் முடித்துவிடுவாள். "இவ்ளோதானா?" என்றுகூடக் கேட்பாள். ஆமாம், இவ்வளவுதான். கீழ் எண் துண்டின் பெயர், மேல் எண் துண்டின் எண்ணிக்கை என்பது இந்த இடத்தில் உறைத்துவிட்டால், 4-ஐ 2-ஆல் வகுத்து 3/2 போடுகிற தப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்த படி, ஒரே ஒரு துண்டு இருக்கும்போது அதைப் பிரிப்பது. இதற்குச் சமையலறைக்குப் போங்கள். அரை லிட்டர் ஆவின் பாக்கெட் ஒன்று, ஒரே அளவு டம்ளர் நான்கு. பாக்கெட்டை நான்கு டம்ளரில் சமமாக ஊற்றினால் ஒரு டம்ளரில் எத்தனை லிட்டர்? கணக்கு 1/2 ÷ 4. பெரும்பாலான பிள்ளைகள் யோசிக்காமல் "கால்" என்பார்கள். அது முட்டாள்தனமான பதில் அல்ல. டம்ளரில் இருப்பது பாக்கெட்டில் கால் பங்குதான். ஆனால் கேட்டது லிட்டரில். "சரி, முழு ஒரு லிட்டர் இருந்தா இந்த மாதிரி எத்தனை டம்ளர் ரொப்பலாம்?" என்று கேளுங்கள். எட்டு. அப்படியானால் ஒரு டம்ளர் ஒரு லிட்டரில் எட்டில் ஒரு பங்கு, 1/8. மில்லியில் போட்டுச் சரிபார்க்கலாம்: 500-ஐ நான்கால் வகுத்தால் 125, ஆயிரத்தில் 125 எட்டில் ஒன்று. பின்னத்தை வகுக்கும்போது குழந்தைகள் தடுக்கி விழுகிற முக்கியமான இடமே இதுதான். "எதில் இத்தனை பங்கு?" என்ற கேள்வியை நடுவழியில் தொலைத்துவிடுகிறார்கள். முழுசு எது என்பதை அடிக்கடி நினைவூட்டுவதற்கு மேல் இந்தப் பாடத்தில் பெரியவர்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

இப்போதுதான் 3/4 ÷ 2. மூன்று துண்டு, இரண்டு பேர், மிச்சமில்லாமல் பிரியாது. ஓர் ஏ4 தாளை எடுத்து நீளவாக்கில் நான்கு பட்டையாக மடிக்கச் சொல்லுங்கள். பிரித்து, மூன்று பட்டைக்குக் கிரேயான் தீட்டட்டும். இதுதான் முக்கால். இனி அதை இரண்டு பேருக்குப் பிரிக்க, தாளைக் குறுக்காக ஒரு மடிப்பு. பிரித்துப் பார்த்தால் தாளில் எட்டுக் கட்டம், அதில் ஆறு வண்ணக் கட்டம். ஒருவருக்கு மூன்று கட்டம். "விடை என்ன?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். நிறையப் பிள்ளைகள் "மூணு பை ஆறு" என்பார்கள். வண்ணம் தீட்டிய ஆறைத்தான் அவர்கள் கண் பார்க்கிறது, வெள்ளையாகக் கிடக்கும் இரண்டு கட்டத்தை அல்ல. பால் பாக்கெட்டில் "கால்" என்ற அதே தப்பு இங்கே வேறு உருவில் வந்திருக்கிறது. திட்ட வேண்டாம். முழுத் தாளையும் விரித்துக் காட்டி, "முழுசுல எத்தனை கட்டம்?" என்று மட்டும் கேளுங்கள். வெள்ளைப் பட்டையும் மடிப்பில் இரண்டாகியிருக்கிறது என்பதைத் தடவிப் பார்க்கட்டும். விடை 3/8.

இதற்குக் காகிதம்தான் சரியான கருவி என்பது என் கட்சி. மதராஸில் 1893-லேயே டி. சுந்தர ராவ் என்பவர் காகிதத்தை மடித்தே வடிவியல் சொல்லித்தருகிற புத்தகம் ஒன்றை ஆங்கிலத்தில் போட்டார். இன்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிற கணித கிட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். பீட்சா, கேக் என்று வட்டமாக வரைந்து காட்டுவதை நான் தவிர்ப்பேன். அரை, கால் வரைக்கும் வட்டம் நன்றாக வேலை செய்யும். ஐந்தாகப் பிரித்த வட்டத்தில் மூன்று துண்டை எடுத்து அதை நான்காகப் பிரி என்றால் பெரியவர்களே திணறுவார்கள். நீள்சதுரம் அப்படி ஏமாற்றாது. மூன்றாக, ஐந்தாக மடிப்பது சிரமமாக இருந்தால் கட்டம் போட்ட நோட்டில் வரையலாம். 2/5 ÷ 3 என்றால் ஐந்து கட்டம் அகலம், மூன்று கட்டம் உயரம். மொத்தம் பதினைந்து கட்டம், அதில் ஆறுக்கு வண்ணம், ஒருவர் பங்கு இரண்டு. 2/15. உயரத்தையும் அகலத்தையும் பெருக்கினால்தான் மொத்தக் கட்டம் வருகிறது என்பதைப் படமே சொல்லிவிடும்.

படம் கைவந்த பிறகு அதையே எழுத்தில் போடக் கற்றுக்கொடுங்கள். இதற்கு ஐந்தாம் வகுப்பில் படித்த சமான பின்னம் போதும். மூன்று துண்டு இரண்டு பேருக்குப் பிரியவில்லையா? துண்டைச் சின்னதாக்கு. 3/4 = 6/8. இப்போது ஆறு துண்டு இரண்டு பேருக்குப் பிரியும், ஆளுக்கு 3/8. அதாவது புதிய வகைக் கணக்கு என்று ஒன்று கிடையாது. எல்லாக் கணக்கையும் முதல் நாள் செய்த 6/7 ÷ 3 வகைக்குக் கொண்டுவந்துவிடலாம். 4/5 ÷ 6 கொஞ்சம் சுவாரசியமானது. சில பிள்ளைகள் 24/30 என்று மாற்றி, ஆறால் வகுத்து 4/30 கொண்டுவருவார்கள். சூட்டிகையான பிள்ளை ஒன்று 12/15 போதும் என்று கண்டுபிடித்து நேரே 2/15 என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான், 4/30-ஐச் சுருக்கினால் 2/15. இரண்டாவது வழியைக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் யாராவது கண்டுபிடித்தால் பாராட்டுங்கள்.

இப்படிச் செய்த கணக்குகளை விடையோடு ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள்.

3/4 ÷ 2 = 3/8
2/5 ÷ 3 = 2/15
1/2 ÷ 4 = 1/8
5/6 ÷ 2 = 5/12

"இதுல ஏதாவது தெரியுதா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள். வரும்போது, "மேல மாறவே இல்லப்பா, கீழ மட்டும் பெருக்கிடுச்சு" என்று சொன்னால் விதி அவளுடையதாகிவிட்டது. இப்போது 6/7 ÷ 3-க்கும் இதே விதி ஒத்துவருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 6/21 வரும், சுருக்கினால் 2/7, முதல் நாள் வந்த அதே விடை. இந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உடனே ஒரு கேள்வி வரும்: "வகுத்தல் கணக்குதானே, நாம ஏன் பெருக்குறோம்?" நல்ல கேள்வி, நழுவிவிடாமல் பதில் சொல்லுங்கள். கீழ் எண் பெரிதானால் முழுசை அதிகத் துண்டாக வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம், அதனால் ஒவ்வொரு துண்டும் சின்னதாகிறது. நான்காக வெட்டியிருந்ததை எட்டாக வெட்டினால் துண்டு பாதி அளவாகிவிடும். பங்கைப் பாதியாக்கத்தான் கீழே இரண்டால் பெருக்கினோம். இது ஒருமுறை சொன்னால் பதியாது. 1/4 பெரிதா 1/8 பெரிதா என்று கேட்டால் இப்போதும் "எட்டுதானே பெருசு" என்று சொல்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் மகள் அப்படிச் சொன்னால் வகுத்தலை நிறுத்திவிட்டு, பின்னங்களை ஒப்பிடுவதற்குத் திரும்பிப் போங்கள். அந்த அஸ்திவாரம் இல்லாமல் மேலே கட்டுவது வீண் வேலை.

இனி நான் அதிகம் பார்க்கிற, ஆனால் யாரும் கண்டுகொள்ளாத ஒரு குழப்பம். 6/8 ÷ 2 கொடுத்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே 3/4 என்று எழுதுவார்கள். மேலே 6-ஐ 2-ஆல் வகுத்தால் 3, கீழே 8-ஐ 2-ஆல் வகுத்தால் 4. கணக்கு வகுப்பில் பின்னத்தைச் சுருக்கும்போது "ரெண்டாம் வாய்ப்பாட்டுல அடி" என்று சொல்லிச் சொல்லி, மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் வகுக்கிற பழக்கம் கையில் ஊறிப்போயிருக்கிறது. இங்கேயும் 2 என்று பார்த்ததும் கை தானாக அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. பெற்றோரும் பல நேரம் இந்தத் தப்பைக் கண்டுபிடிப்பதில்லை, ஏனென்றால் வரிவரியாகப் பார்த்தால் வகுத்தலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 3/4 என்பது 6/8-தான். சுருக்கி எழுதியிருக்கிறாள், பங்கு போடவே இல்லை. சரியான விடை 3/8.

இதைத் திருத்த நான் செய்வது, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் படமாக வரைய வைப்பது. இடது பக்கம் 6/8-ஐ வரைந்து, இரண்டிரண்டு கட்டத்தை ஒன்றாகச் சேர்த்தால் 3/4. வண்ணம் தீட்டிய பரப்பு அப்படியே இருக்கிறது, கோடுதான் அழிந்தது. வலது பக்கம் அதே 6/8-ஐ வரைந்து, வண்ணத்தில் பாதியை அழித்தால் 3/8. பரப்பு பாதியாகிவிட்டது. ஒன்றில் கோடு போகிறது, மற்றதில் வண்ணம் போகிறது. இதைப் பார்த்தபின் அந்தத் தப்பு திரும்ப வருவது ரொம்பக் குறைவு. வந்தாலும் "கோடா, வண்ணமா?" என்று கேட்டால் போதும். இதற்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது: விடையை வகுத்த எண்ணால் பெருக்கிப் பார்ப்பது. 3/8 × 2 = 6/8, சரி. 3/4 × 2 = 6/4, ஒன்றையே தாண்டிவிட்டது.

தலைகீழாக்கும் விதியை அலமாரியிலிருந்து எப்போது எடுப்பது? இதெல்லாம் கைப்பழக்கமான பிறகு. அப்போதும் "கவிழ்" என்று தொடங்காமல் "பாதி" என்று தொடங்குங்கள். இரண்டால் வகுப்பது என்றால் என்ன? பாதி எடுப்பது. பாதி எடுப்பதைப் பெருக்கலில் எப்படி எழுதுவோம்? × 1/2. மூன்றால் வகுப்பது மூன்றில் ஒரு பங்கு எடுப்பது, அதாவது × 1/3. ஆக, ÷ 2 என்ற இடத்தில் × 1/2 என்று எழுதுகிறோம். மாறுவது எந்த எண் என்ற சந்தேகமே இதில் வராது. பங்கு கேட்டு வந்தவர் 2, ஆகவே மாறுவதும் 2-தான். 3/4 நம் கையில் இருக்கிற பொருள், அதை எதற்குக் கவிழ்க்க வேண்டும்? உங்கள் மகள் கேட்ட "முதல்ல இருக்கறதையா, ரெண்டாவதையா" என்ற கேள்விக்கு இந்த இடத்தில்தான் பதில் கிடைக்கிறது.

பெரும்பாலான வகுப்பறைகள் தடுமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னத்தை முழு எண்ணால் வகுப்பது, முழு எண்ணைப் பின்னத்தால் வகுப்பது, பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது என்று மூன்றையும் அடுத்தடுத்த நாட்களில், சில சமயம் ஒரே நாளில் நடத்திவிடுகிறார்கள். சமச்சீர் பாடத்தில் இது ஆறாம் வகுப்பில் வருகிறது, சி.பி.எஸ்.இ.-யில் ஏழாம் வகுப்பில். பாடத்தை முடித்தாக வேண்டிய அவசரம் ஆசிரியர்களுக்கு இருக்கிறது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றுகிற பொதுப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்பில் மேல் எண் 1 ஆக உள்ள பின்னத்தை முழு எண்ணால் வகுப்பதும், முழு எண்ணை அத்தகைய பின்னத்தால் வகுப்பதும் மட்டும்தான். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு முழு வருஷ இடைவெளி. நம் வீட்டில் ஒரு வாரமாவது விடலாமே.

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், அவை உண்மையிலேயே இரண்டு வேறு கேள்விகள். 1/2 ÷ 3 என்பது பங்கு போடும் கேள்வி: அரை லிட்டர் பால், மூன்று பேர், ஆளுக்கு எவ்வளவு? 1/6 லிட்டர். 3 ÷ 1/2 என்பது அளந்து எடுக்கும் கேள்வி: மூன்று லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் அடைத்தால் எத்தனை பாக்கெட்? ஆறு. முதலாவதில் "எத்தனை தடவை அடங்கும்?" என்று கேட்டால் கேள்வியே உளறலாகிவிடும், அரைக்குள் மூன்று எப்படி அடங்கும்? இரண்டாவதில் "அரை ஆளுக்குப் பங்கு கொடு" என்றாலும் அதே கதைதான். சிறு வகுப்பில் வகுத்தல் என்றால் இரண்டு அர்த்தமும் கலந்தே வரும், முழு எண்களில் அது தொந்தரவு செய்வதில்லை. பின்னம் வந்ததும் எந்த அர்த்தம் எங்கே பொருந்தும் என்று பிரித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. வகுத்தால் விடை சிறிதாகும் என்ற எண்ணமும் முதல் வகையில் எப்போதும் சரியாக வரும், இரண்டாவது வகையில் உடையும். உடையும் நாளில் அதைப் பேசிக்கொள்ளலாம்.

பெரியவர்கள் பேச்சில் அடிபடுகிற ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் மனை விலை பேசாத வீடு கிடையாது. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. தாத்தாவின் அரை கிரவுண்ட் மூன்று பிள்ளைகளுக்கு என்றால் 1/2 ÷ 3 = 1/6 கிரவுண்ட். சரிபார்க்க: 1,200-ஐ மூன்றால் வகுத்தால் 400 சதுர அடி, 2,400-இல் 400 ஆறில் ஒன்று. முக்கால் கிரவுண்டை இரண்டு பேர் பிரித்தால் 3/8 கிரவுண்ட், அதாவது 1,800-இல் பாதி 900 சதுர அடி. 2,400 என்ற எண் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு என்று எல்லாவற்றாலும் வகுபடும், அதனால் பின்னத்தில் வந்த விடையை முழு எண்ணில் சோதிக்க இதைவிட வசதியான அளவு எனக்குத் தெரியவில்லை. நானூறு சதுர அடியில் எப்படி வீடு கட்டுவது என்ற விவாதம் வீட்டில் கிளம்பினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

கலப்புப் பின்னத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 4 1/2 ÷ 2 கொடுத்தால் முழு எண்ணை மட்டும் வகுத்து 2 1/2 என்று எழுதுவது வழக்கமான தப்பு. நான்கில் பாதி இரண்டு, அரையில் பாதி கால், ஆக 2 1/4 என்று தனித்தனியாகப் பிரித்தே போடலாம், முழு எண் இரட்டைப்படையாக இருக்கும்வரை இதுதான் சுலபம். 3 1/2 ÷ 2 மாதிரி வந்தால் 7/2 என்று தகா பின்னமாக மாற்றி, 7/4, அதாவது 1 3/4. பள்ளியில் எல்லாவற்றையும் தகா பின்னமாக மாற்றித்தான் போடச் சொல்வார்கள். மாற்றும் வழி தெரிந்திருக்கட்டும், ஆனால் மனக்கணக்காகப் போட முடிகிறதை வேண்டாம் என்று தடுக்காதீர்கள்.

கற்றுக்கொண்டாளா என்று பார்க்க இருபது கணக்கு கொடுத்துத் திருத்துவதை நான் நம்புவதில்லை. விதி மனப்பாடமாக இருந்தால் இருபதும் சரியாக வரும், ஒரு மாதம் கழித்துப் பதினைந்து தப்பாகும். அதற்குப் பதிலாக 2/3 ÷ 4 என்று எழுதிக் கொடுத்து, "இதுக்கு ஒரு கதை சொல்லு" என்று கேளுங்கள். "ஒரு ரிப்பன்ல மூணுல ரெண்டு பங்கு மீதி இருந்தது, அதை நாலு பேர் சமமா வெட்டிக்கிட்டோம்" என்கிற மாதிரி வந்தால் புரிந்துவிட்டது. "நாலு ரிப்பன், ஒவ்வொண்ணுலயும் மூணுல ரெண்டு பங்கு" என்று சொன்னால் அவள் மனசில் ஓடுவது பெருக்கல். "நாலு மீட்டரை மூணுல ரெண்டு மீட்டரா வெட்டினேன்" என்றால் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறியிருக்கின்றன. எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பதைக் கதையே காட்டிக்கொடுத்துவிடும்.

பரீட்சையில் படம் வரைந்தால் மார்க் போடுவார்களா என்று அடுத்து கேட்பீர்கள். ஆசிரியரைப் பொறுத்தது, சிலர் போடமாட்டார்கள். அதனால் விடைத்தாளில் 3/4 ÷ 2 = 3/4 × 1/2 = 3/8 என்று புத்தகத்தில் உள்ளபடியே படிப்படியாக எழுதப் பழக்குங்கள். சமான பின்னமும் கட்டம் போட்ட படமும் ரஃப் பக்கத்தில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வாள்.